75 செ.மீ. வானிட்டி, அதற்கு முன் ஓர் அட்டைப்பெட்டி

குளியலறையில் இருந்த பழைய வானிட்டி யூனிட்டின், அதாவது பேசினைத் தாங்கும் பெட்டியின், அடிப்பலகை ஊதிப் பிளந்துவிட்டது. கதவைத் திறந்தால் கீல் திருகோடு சேர்ந்து கையோடு வந்தது. அதைச் செய்திருந்தது பார்ட்டிகிள் போர்டில், அதாவது மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகையில். மேலே லேமினேட் பளபளவென்று இருந்ததால் உள்ளே நடந்தது எதுவும் வெளியே தெரியவில்லை. தண்ணீர் குடித்து ஒருமுறை உப்பிவிட்டால் அந்தப் பலகை காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. ஒட்டுவேலை பார்க்கலாம் என்று இரண்டு வாரம் கடத்தினேன். கடைசியில் மாற்றுவது என்று முடிவு.

அப்போது எனக்கு ஒரே ஓர் அளவுதான் தெரியும். யூனிட் நிற்கிற சுவரின் அகலம் 150 செ.மீ. பழையது 60 செ.மீ. அகலம்தான், சுவரில் பாதிக்கு மேல் சும்மா கிடந்தது. அதனால் 90 செ.மீ. யூனிட் வாங்கிவிடலாம், துண்டு, சோப்பு, மருந்துப் பெட்டி எல்லாம் உள்ளே போய்விடும் என்று கணக்குப் போட்டேன். படத்தில் பார்த்துப் பிடித்துப்போன ஒன்றுகூடக் கையில் இருந்தது: 90 அகலம், 53 ஆழம், மேலே கல் பலகை.

நல்லவேளை, வாங்கும் முன் அட்டைப்பெட்டியில் ஒரு மாதிரி செய்தேன். குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டை வீட்டில் கிடந்தது. அதை 90க்கு 53 என்று மடித்து, டேப் ஒட்டி, உள்ளே இரண்டு வாளிகளைக் கவிழ்த்து உயரம் கொடுத்து, அதே சுவரோரம் வைத்தேன். மேற்பலகை 2 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் என்று விவரத்தில் போட்டிருந்தது. அதற்கும் ஒரு துண்டு அட்டை. எல்லாம் முடித்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தி, மறுபடி திறந்தேன். கதவின் கைப்பிடி நேராகப் போய் அட்டையின் மூலையில் குத்தியது.

என்ன நடந்தது என்று உட்கார்ந்து வரைந்து பார்த்தேன். கதவு வலது பக்கச் சுவரில் இருக்கிறது, உள்நோக்கித் திறக்கும். கீல், யூனிட் சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி. கதவின் அகலம் 70. முழுதாகத் திறந்தால் கதவு யூனிட்டுக்கு முன்னால் 60 செ.மீ. தூரத்தில் அதற்கு இணையாக நிற்கும். யூனிட்டின் ஆழம், நீட்டல் எல்லாம் சேர்த்து 55தான். கணக்குப்படி இடிக்கக் கூடாது. ஆனால் கைப்பிடி கதவுப் பரப்பிலிருந்து 6 செ.மீ. வெளியே நிற்கிறதே, அதை யார் அளந்தார்கள்? ஒரே ஒரு செ.மீ. விஷயம். கல் பலகையாக இருந்திருந்தால் தினமும் மூலை சில்லு சில்லாகப் போயிருக்கும். தரையில் ஒரு ஸ்டாப்பர் அடித்துச் சமாளித்திருக்கலாம்தான். முழுதாகத் திறக்காத கதவோடு காலம் தள்ள எனக்கு இஷ்டமில்லை.

அட்டைப்பெட்டியை அங்கேயே இரண்டு நாள் விட்டுவைத்தேன். எல்லோரும் அதன் முன் நின்று பல் தேய்த்தோம், பழைய பேசினில் எட்டி எட்டிக் கொப்பளித்தபடி. அம்மா முகம் கழுவுவதுபோலக் குனிந்து பார்த்தார். "பின்னாடி இடிக்குதுப்பா" என்றார். பின்னால் இருப்பது கமோடு. யூனிட்டின் முன்விளிம்புக்கும் கமோடின் ஓரத்துக்கும் நடுவே 75 செ.மீ.தான் மிஞ்சியிருந்தது. பேசின் முன்னால் 75 செ.மீ. அளவுக்கு வெற்றிடம் இருந்தால் வசதி, 53 செ.மீ.க்குக் கீழே போனால் தொல்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தக் கணக்குப்படி தேறிவிட்டோம். ஆனால் நிமிர்ந்து நிற்க 75 போதும், குனிந்தால் இடுப்பு பின்னால் போகிறது, இழுப்பறையை இழுத்தால் அதிலும் பாதி போய்விடுகிறது. அகலத்தைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்த நான் ஆழத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

யூனிட்டுகள் பொதுவாக 45, 60, 75, 90, 120 செ.மீ. அகலங்களில் கிடைக்கும். அகலத்துக்கு இத்தனை வகை இருப்பதால் நம் கண்ணும் அங்கேயே போகிறது. ஆழத்தில் வழக்கமானது 53 செ.மீ. பக்கம். 40, 45 செ.மீ. ஆழத்தில் ஒல்லியானவையும் உண்டு, தேடினால்தான் கண்ணில் படும். சின்னக் குளியலறைக்கு அகலத்தில் 15 குறைப்பதைவிட ஆழத்தில் 10 குறைப்பது அதிக இடம் தருகிறது. நாம் நடக்கிற வழி அங்கேதானே இருக்கிறது. அட்டையை 42 செ.மீ.க்கு வெட்டி வைத்தவுடனே அறை பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. அம்மாவும் இடிக்காமல் குனிந்தார்.

இந்தக் கட்டத்தில் எங்கள் பிளம்பர் அண்ணனுக்குப் போன் போட்டு, 42 ஆழத்தில் நல்லதாக எது வாங்கலாம் என்று கேட்டேன். "பெட்டியை அப்புறம் பாக்கலாம் தம்பி. மொதல்ல சுவத்துல பைப் எங்க வருதுன்னு அளந்து சொல்லுங்க" என்றார்.

அளந்தேன். இடது மூலையிலிருந்து 38 செ.மீ. தள்ளி, தரையிலிருந்து 48 செ.மீ. உயரத்தில் கழிவுநீர்க் குழாய். அதற்கு இருபுறமும் 28லும் 48லும், 55 செ.மீ. உயரத்தில் இரண்டு ஆங்கிள் வால்வுகள், அதாவது பேசின் குழாய்க்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடுபவை. பேசினின் நடு இந்த 38க்கு நேராக வந்தால் வேலை சுலபம். கொஞ்சம் தள்ளினாலும் பாதகமில்லை, ட்ராப்பை, அதாவது பேசினுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்கும் கழிவு இணைப்பை, திருப்பிச் சேர்த்துவிடலாம் என்றார். ரொம்பத் தள்ளினால் கழிவுக் குழாய் படுத்துவிடும். ஒரு மீட்டருக்கு இரண்டரை செ.மீ. அளவுக்காவது சரிவு இல்லாவிட்டால் தலைமுடியும் சோப்பும் தங்கித் தங்கி அடைக்கும்.

இன்னொரு கணக்கு முழங்கை. பேசினின் நடுவிலிருந்து பக்கச் சுவருக்குக் குறைந்தது 38 செ.மீ. வேண்டும், 45 இருந்தால் நல்லது. பழைய யூனிட் நடு 38இல் வரும்படி, இடது சுவரிலிருந்து 8 செ.மீ. விட்டு நின்றிருந்தது. அந்த 8 செ.மீ. சந்து இருக்கிறதே, அதில் விழுந்த பல்துலக்கி ஒன்றை எடுக்க முடியாமல் ஒரு வருடம் விட்டுவைத்திருந்தோம். கை நுழையாது, துடைப்பம் நுழையாது, தண்ணீர் மட்டும் நுழையும். சுவரை ஒட்டி வை, இல்லாவிட்டால் கை தாராளமாகப் போய்வர 20 செ.மீ. விடு. நடுவில் எதுவும் வேண்டாம்.

ஆக எனக்குத் தேவைப்பட்டது இது: இடது சுவரை ஒட்டிய 75 செ.மீ. யூனிட், ஆழம் 42, பேசின் நடுவில் இல்லாமல் வலது பக்கம் ஒதுங்கியிருக்க வேண்டும். நடு 45இல் விழும். முழங்கைக்கு இடம் உண்டு, இடது பக்கம் சோப்பும் பல்துலக்கியும் வைக்க ஒரு சாண் மேடை கிடைக்கும். கதவு முழுதாகத் திறந்தாலும் அதன் ஓரம் இடது சுவரிலிருந்து 80 செ.மீ. தூரத்தில் நின்றுவிடும். உள்ளே ஒருவர் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கதவைத் திறந்தாலும் தோளில் இடிக்காது. படத்தில் பார்த்துப் பிடித்துப்போன அந்த 90 செ.மீ. யூனிட்டை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

உயரத்துக்கு வீட்டிலேயே வாக்குவாதம். பழைய யூனிட்டின் விளிம்பு 78 செ.மீ.; எனக்கு முதுகு வலிக்கும். இப்போது வருகிற யூனிட்டுகள் 85, 90 என்று உயர்ந்திருக்கின்றன. அம்மா 150 செ.மீ. உயரம், நான் 175. கையை மடித்து நின்று முழங்கையை அளந்தோம். அம்மாவுக்கு 93, எனக்கு 109. விளிம்பு முழங்கைக்குக் கொஞ்சமாவது கீழே இருந்தால்தான் முகம் கழுவும்போது தண்ணீர் கை வழியே முழங்கைக்கு ஓடி உடையை நனைக்காது. 90இல் வைத்தால் எனக்குச் சுகம், அம்மாவுக்கு ஜாக்கெட் நனையும். 84இல் முடித்தோம். அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கணக்கு பேசின் விளிம்புக்குத்தான், பெட்டிக்கு இல்லை. மேடைமேல் கிண்ணம்போல உட்காரும் பேசின் என்றால் அதுவே 12 முதல் 15 செ.மீ. உயரம் இருக்கும், பெட்டியை அந்த அளவுக்குக் கீழே இறக்கியாக வேண்டும். அதை மறந்துவிட்டு 85 செ.மீ. யூனிட்டின் மேல் கிண்ணத்தை வைத்துவிட்டு, ஒரு மீட்டர் உயரத்தில் முகம் கழுவுகிற வீட்டை நான் பார்த்திருக்கிறேன். குழந்தைகளுக்கு அங்கே முக்காலி போட்டிருந்தார்கள்.

கிண்ண பேசின் எனக்கு வேறு காரணத்துக்காகவும் பிடிக்காது. கிண்ணமும் மேடையும் சேரும் வட்டத்தில் அழுக்கு கட்டும். மேடைக்குக் கீழே ஒட்டும் பேசின் துடைக்கச் சுலபம், ஆனால் அதற்குக் கல் மேடை வேண்டும், கனம் கூடும். நான் எடுத்தது மேடையும் பேசினும் ஒரே வார்ப்பாக வரும் செராமிக். இணைப்பே இல்லை, ஒரு துணி போதும்.

ஆழம் 42 என்றால் பேசின் குழியும் சிறுக்கும். இங்கேதான் குழாய் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். குழாய் மூக்கு குட்டையாக இருந்தால் கை பின்சுவரில் தேய்க்கும். நீளமாக இருந்தால் தண்ணீர் முன்சரிவில் விழுந்து வயிற்றில் தெறிக்கும். கடையில் இரண்டு கையையும் குவித்து மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பரவாயில்லை. 11 செ.மீ. நீட்டம் உள்ள குழாய் சரியாக வந்தது. கூடவே வேஸ்ட் கப்ளிங், பேசினின் அடித்துளையில் மாட்டும் வடிகால் இணைப்பு. பேசினில் மேல்துளை, அதாவது நிரம்பினால் வழிந்து போக வைத்திருக்கும் ஓட்டை, இருந்தால் பக்கவாட்டில் வெட்டு உள்ள கப்ளிங் வேண்டும். மேல்துளை இல்லாத பேசினுக்கு வெட்டு இல்லாதது. மாற்றிப் போட்டால் ஒன்றில் வழிநீர் போக வழி இருக்காது, மற்றதில் கசிவு வரும்.

பெட்டியின் பலகைக்கு வருவோம். எம்.டி.எஃப்., அதாவது மர நாரைப் பசையோடு அழுத்திய பலகை, பார்க்க வழவழவென்று இருக்கும், பெயின்ட் அழகாகப் பிடிக்கும், ஆனால் வெட்டு விளிம்பில் தண்ணீர் பட்டால் பார்ட்டிகிள் போர்டின் கதைதான். பி.வி.சி. போர்டு தண்ணீருக்கு அஞ்சாது, ஆனால் திருகைப் பிடிக்கும் வலு குறைவு. தினமும் இருபது முறை திறக்கிற கதவின் கீல் அதில் ஆட ஆரம்பித்துவிடும். கொதிநீரில் போட்டாலும் பசை விடாத வகைப் பிளைவுட்டைத் தேர்ந்தெடுத்தேன். எந்தப் பலகையாக இருந்தாலும் கெட்டுப்போக ஆரம்பிப்பது பரப்பில் இல்லை, விளிம்பில்தான். பழைய யூனிட்டைக் கழற்றிப் பார்த்தபோது அது தெளிவாகத் தெரிந்தது: குழாய்க்காகப் போட்ட ஓட்டையைச் சுற்றியும், தரையைத் தொட்ட அடிவிளிம்பிலும் மட்டும் மாவாகியிருந்தது, நடுவில் பலகை திடமாகவே இருந்தது. தரை துடைக்கிற தண்ணீரை அது ஐந்து வருடம் உறிஞ்சியிருக்கிறது. அதனால் இந்த முறை தரையைத் தொடாமல் சுவரில் தொங்கும் யூனிட்.

தொங்கவிடுவதென்றால் சுவர் தாங்க வேண்டுமே. பெட்டி 25 கிலோ, செராமிக் மேடை 15 கிலோ. உள்ளே வைக்கும் சாமான், அப்புறம் யாராவது கையை ஊன்றி எழுவது எல்லாம் இருக்கிறது. 100 கிலோவுக்கு மேல் தாங்கும்படி யோசிக்க வேண்டும். சுவரைத் தட்டினால் சில இடத்தில் 'டொக்', சில இடத்தில் 'டம்'. டைல்ஸில் டேப் ஒட்டி, டிரில்லின் சுத்தியல்போல் அடிக்கும் முறையை அணைத்துவிட்டு, டைல் பிட்டால் மெதுவாக டைலைத் தாண்டினேன். பிறகுதான் சாதாரண பிட். இரண்டு செ.மீ. போனதும் பிட் திடீரென்று உள்ளே விழுந்தது. உள்ளே கூடு உள்ள பிளாக். இதில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் அடித்தால் பிடிமானமே இருக்காது. வலைக்குழலை உள்ளே விட்டு, அதற்குள் ரெசின் பசையை நிரப்பி, மரை வெட்டிய கம்பியைச் செருகி, டப்பாவில் போட்டிருந்த நேரம் காயும்வரை தொடாமல் விட்டேன். நான்கு இடத்தில். சுவருக்குள் ஓடும் குழாய்கள் பெரும்பாலும் வால்வுக்கு நேர் மேலேயோ கீழேயோ பக்கவாட்டிலோ போகும் என்பதால் அந்தக் கோடுகளை விட்டு விலகித் துளையிட்டேன். உலோகம் தேடும் கருவி ஒன்றை இரவல் வாங்கியிருந்தேன், ஆனால் பிளாஸ்டிக் பைப்பை அது காட்டாது. அதை மட்டும் நம்பித் துளையிடாதீர்கள்.

மூலை சரியா என்று பார்க்க ஒரு சுவரில் 60, இன்னொன்றில் 80 குறித்துக் குறுக்கே அளந்தேன். 100 வர வேண்டும். 99.2 வந்தது. அதாவது இடது சுவர் முன்னால் வர வர உள்ளே சாய்கிறது, 42 செ.மீ. ஆழத்துக்கு 7 மி.மீ. பெட்டியைப் பின்மூலையில் ஒட்டி வைத்திருந்தால் முன்பக்கம் சுவரில் முட்டியிருக்கும். பின்னால் 10 மி.மீ., முன்னால் 3 மி.மீ. விட்டு ரசமட்டம் பார்த்து மாட்டினேன். தொங்கும் கொக்கியில் மேலே கீழே நகர்த்தத் திருகு இருந்தது, அந்த வசதி இல்லாத யூனிட்டை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

இப்போது என் பங்குக்கு நான் செய்த தவறு. பெட்டிக்குள் இடது பக்கம் 25 செ.மீ. இழுப்பறைகள், வலது பக்கம் 50 செ.மீ. கதவு. கதவுப் பகுதிக்குள் குழாய்கள் எல்லாம் வந்துவிடும், இழுப்பறையை வெட்ட வேண்டியதில்லை என்று பெருமையாக இருந்தேன். பெட்டியை மாட்டிவிட்டு இடது வால்வைத் திறக்கப் போனால் பிடி சுழலவில்லை. வால்வின் நடு 28இல் என்று அளந்தேன், நடுத்தடுப்பு 26இல் வரும் என்றும் தெரியும், இரண்டும் இடிக்காது என்று விட்டுவிட்டேன். வால்வுக்கு ஒரு பிடி உண்டு, அதைத் திருகும் விரல்களுக்கும் இடம் வேண்டும் என்று தோன்றவில்லை. கைப்பிடியிடம் இரண்டாவது முறையாகத் தோற்றேன்.

பிளம்பர் அண்ணன் வந்து பார்த்துவிட்டு வால்வை மாற்றலாம், அல்லது தடுப்பை வெட்டலாம் என்றார். வால்வைக் கழற்றினால் சுவருக்குள் இருக்கும் இணைப்பு எப்படி இருக்குமோ என்ற பயம். தடுப்பிலேயே 10க்கு 10 செ.மீ. சன்னல் ஒன்று வெட்டினேன். வெட்டிய விளிம்பை உப்புக்காகிதத்தால் தேய்த்து, எபாக்சி இரண்டு கோட்டிங். மேல் இழுப்பறை அந்தப் பக்கம் பின்னால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது, சீப்பும் ரேசரும் வைக்க அது போதும்.

ட்ராப்பில் பாட்டில் வகையா, வளைந்த பி வகையா என்று கேள்வி வந்தது. வளைந்தது தன்னைத்தானே ஓரளவு கழுவிக்கொள்ளும், பாட்டிலின் அடியில் குப்பை தங்கும். ஆனால் பாட்டிலின் அடியைக் கையால் திருகிக் கழற்றிக் கொட்டிவிடலாம், இடமும் குறைவு. பாட்டில் போட்டோம். எதுவானாலும் உள்ளே 5 செ.மீ.யாவது தண்ணீர் தங்க வேண்டும், அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாடையை மேலே வரவிடாமல் தடுக்கிறது. ட்ராப்பின் 32 மி.மீ. குழாய் சுவரின் பெரிய குழாய்க்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் போடச் சொன்னார். பழையதில் அது இல்லை, வெள்ளை சிமென்ட்டை அப்பி வைத்திருந்தார்கள். இத்தனை வருடம் காலையில் வந்த வாடைக்குக் காரணம் அதுதான்.

மேடைக்கும் சுவருக்கும் பூஞ்சை பிடிக்காத சிலிகான். புளித்த வாடை அடிக்கும் வகை செராமிக்குக்கு ஒன்றும் செய்யாது, மார்பிள் மேடையானால் கறை போடும், அதற்கு நியூட்ரல் வகை வாங்க வேண்டும். இடது பக்கச் சந்தில் பின்னால் அகலமாக இருந்த இடத்தில் முதலில் ஃபோம் கயிறு திணித்துவிட்டு மேலே சிலிகான் இழுத்தேன். 24 மணி நேரம் யாரும் தண்ணீர் விடக் கூடாது என்று கதவில் சீட்டு ஒட்டினேன். அம்மா அதையும் மீறி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "கீழ துடைக்க நல்லா எடம் இருக்குப்பா" என்றார். பெட்டிக்கும் தரைக்கும் நடுவே 32 செ.மீ.

மறுநாள் இரவு பேசினை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே ஒரு டிஷ்யூ பேப்பர் மடித்து வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் மூன்று காய்ந்திருந்தன, ஒன்று நனைந்திருந்தது, இடது வால்வுக்குக் கீழே. ஹோஸின் நட்டைக் கால் சுற்று இறுக்கினேன், வெட்டிய சன்னல் வழியாகவே. புது பேப்பர் வைத்து இன்னோர் இரவு பார்த்தேன், காய்ந்திருந்தது. 42 செ.மீ.க்கு வெட்டின அந்த அட்டைப்பெட்டியைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள், அவர்களும் யூனிட் மாற்றப் போகிறார்களாம். கதவைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.